தலையில்லாத கிற்றாருக்கு ஏன் இந்த விலை?

சூரிச்சிலிருந்தோ டொரொன்டோவிலிருந்தோ விடுமுறைக்கு வருகிறவர்களின் கையில் சில வேளை வினோதமான ஒரு கிற்றாரைக் காணலாம். கழுத்தின் முனையில் தலைப்பகுதியே இருக்காது. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகள் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இல்லாமல் சாய்ந்து விரிந்திருக்கும். தூக்கினால் பாரமே தெரியாது. விலையைக் கேட்டால்தான் பாரம் தெரியும். இந்த வகைக் கருவிகளுக்கு 2500 முதல் 4000 டொலர் வரை என்பது சாதாரணம். டொலர் ஒன்று 300 ரூபாய் என்று வைத்தாலே ஏழரை இலட்சத்திலிருந்து பன்னிரண்டு இலட்சம் ரூபாய்.

தேவாலய இசைக்குழுவிலும் திருவிழா மேடையிலும் வாசிக்கிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு இரண்டு கேள்வி கேட்கிறார்கள். உள்ளே உண்மையில் ஏதாவது புதிதாக இருக்கிறதா, அல்லது பெயருக்கா இந்தக் காசு? இதை மட்டக்களப்பில் ஒரு நல்ல தச்சர் செய்ய முடியாதா? இரண்டாவது கேள்வியைச் சிரித்துத் தள்ள வேண்டியதில்லை. மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் வயலினும் கிற்றாரும் கஃப்ரிஞ்ஞா ஆட்டமும் தலைமுறைகளாக இருந்துவருகின்றன. அதே சமூகத்தில் தச்சுத்தொழிலும் பரம்பரையாக வந்திருக்கிறது.

விலையில் ஒரு பங்கு பெயருக்கும் பளபளப்புக்கும் போகிறது என்பது உண்மைதான். ஆனால் கழுத்திலும் ஃப்ரெட்டிலும் நடந்திருக்கும் மாற்றம் வெறும் விளம்பரம் அல்ல. நம்முடைய கரையோரக் காற்றில் ஒரு கிற்றார் நன்றாக இருக்குமா, கெட்டுப்போகுமா என்பதும் அந்த இரண்டு இடங்களில்தான் தீர்மானமாகிறது. காரணத்தை அடியிலிருந்து பார்ப்போம்.

ஒலி எங்கிருந்து வருகிறது?

பொக்ஸ் கிற்றாரில் தந்தியின் அதிர்வு, உடலில் அதன் முனையைத் தாங்கும் பிரிட்ஜ் வழியாக மேற்பலகைக்குப் போகிறது. பலகை காற்றை அசைக்கிறது. அங்கே மரம்தான் ஒலிபெருக்கி. ஆகவே மரத்தின் தரம் நேரடியாகக் காதுக்கு வரும்.

மின்கிற்றாரில் இந்த வழி கிடையாது. தந்திக்குக் கீழே ஒரு நிலைக்காந்தமும், அதைச் சுற்றித் தலைமயிர் அளவு மெல்லிய செப்புக்கம்பிச் சுருளும் இருக்கின்றன. இதுதான் பிக்கப். பழைய ஃபெண்டர் பிக்கப் ஒன்றில் 0.063 மி.மீ. தடிப்புள்ள கம்பி ஏறத்தாழ 8000 சுற்று. காந்தம் உருக்குத் தந்தியைக் காந்தமாக்குகிறது. தந்தி அதிரும்போது சுருளுக்குள் காந்தப்பாயம் மாறுகிறது. மாறும் பாயம் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. சாதாரண தரப் பௌதிகவியலில் படிக்கும் மின்காந்தத் தூண்டல்தான் இது, வேறொன்றும் இல்லை.

இதிலிருந்து ஒரு முடிவு வருகிறது. பிக்கப் மரத்தைக் கேட்பதில்லை, தந்தியை மட்டுமே பார்க்கிறது. மரம் ஏதாவது செய்ய வேண்டுமென்றால் தந்தியின் இரண்டு முனைகளையும் அது எவ்வளவு உறுதியாகப் பிடித்திருக்கிறது என்பதன் மூலமே செய்ய முடியும். இனி வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

ஐம்பதுகளில் நின்றுபோன வடிவம்

1931இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் பியூசாம்ப் உருவாக்கிய மின்கிற்றார், பின்னர் ரிக்கன்பேக்கர் பெயரில் வார்ப்பு அலுமினியத்தில் வந்தது. அதாவது, விற்பனைக்கு வந்த ஆரம்பகால மின்கிற்றாருக்கு மர உடலே இல்லை! பிறகு 1950களின் தொடக்கத்தில் லியோ ஃபெண்டரின் டெலிகாஸ்டர், 1952இல் கிப்சனின் லெஸ் போல், 1954இல் ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர். இன்று உலகில் விற்பனையாகும் மின்கிற்றார்களில் பெரும்பாலானவை இந்த மூன்றின் பிரதிகள் அல்லது பிள்ளைகள்.

ஃபெண்டர் ஒரு வானொலி திருத்துநர். கழுத்தை உடலோடு பசை போட்டு ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் பொருத்தினார். பழுதானால் கழற்றி மாற்றலாம், தொழிற்சாலையில் தனித்தனியாகச் செய்து சேர்க்கலாம். அந்தக் காலத்தில் அதுவே பெரிய நவீனம். பிறகு வந்த ரசிகர்கள் அந்தப் பொறியியல் மனத்தை விட்டுவிட்டு, அவருடைய வடிவத்தை மட்டும் புனிதமாக்கிக்கொண்டார்கள். ஃபெண்டர் நிறுவனமே 1995இலிருந்து புதுக் கிற்றாரைச் சுரண்டி, துருப்பிடிக்கவைத்து, பழையதுபோல ஆக்கிக் கூடுதல் விலைக்கு விற்கிறது. விலையுயர்ந்த கிற்றார் என்றவுடன் ‘புதியது’ என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கழுத்து: காசு போக வேண்டிய முதல் இடம்

0.25 மி.மீ. முதல் 1.17 மி.மீ. வரை தடிப்புள்ள வழக்கமான ஆறு தந்திகளையும் சுருதிக்கு ஏற்றினால், அவை சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 46 கிலோ பாரத்துக்குச் சமம். இதை இரவும் பகலும் தாங்குவது சுமார் 20 மி.மீ. கனமுள்ள ஒரு மரத்தண்டு. தந்திக்கும் 12ஆம் ஃப்ரெட்டுக்கும் இடையே விடப்படும் இடைவெளியோ ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். கழுத்து அரை மில்லிமீட்டர் வளைந்தாலே வாசிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

இனி நம் ஊர்க் காலநிலை. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் கார்த்திகை முதல் தை வரை மாரி. காற்றின் ஈரப்பதன் 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். வைகாசிக்குப் பிறகு கச்சான் வீசும்போது காற்று வறண்டு சுடும். மாரியில் இறுகும் கதவு கச்சானில் தானாகத் திறந்துகொள்வதை எல்லா வீட்டிலும் பார்க்கிறோம். கிற்றாரின் கழுத்துக்கும் நடப்பது அதேதான்.

மரத்துக்குள் எவ்வளவு ஈரம் இருக்கும் என்பதைச் சுற்றியுள்ள காற்றே தீர்மானிக்கிறது. ஈரப்பதன் 45 சதவீதமாக இருக்கும் தொழிற்சாலையில் மரத்தின் ஈரம் எட்டரை சதவீதம் அளவில் நிற்கும். 80 சதவீத ஈரப்பதனில் நெடுநாள் இருந்தால் 16 சதவீதம் வரை ஏறும். கழுத்துக்கு வழக்கமாகப் பயன்படும் மேப்பிள் மரம் வளையத்தின் போக்கில் ஒவ்வொரு ஒரு சதவீத ஈரத்துக்கும் சுமார் 0.35 சதவீதம் விரியும். கழுத்து ஒரு மரம், அதன் மேல் ஃப்ரெட்டுகள் பதிந்திருக்கும் விரற்பலகை இன்னொரு மரம் என்பதால் இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. விளைவு, வளைவு. கச்சானில் விரற்பலகை சுருங்கும்போது ஃப்ரெட்டின் உலோக முனைகள் ஓரத்தில் வெளியே நீட்டிக்கொண்டு கையைக் கீறும். ‘மலிவான கிற்றார், அதுதான் இப்படி’ என்று சொல்வார்கள். மரம் சரியாக உலரவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். விலையுயர்ந்ததிலும் இது நடக்கும்.

நவீனக் கட்டுமானம் இதற்குத் தரும் பதில்கள் இவை:

1. கால்வாட்டு வெட்டு. வளர்ச்சி வளையங்கள் விரற்பலகைக்குச் செங்குத்தாக நிற்கும்படி பலகையை அறுப்பது. மரம் கூடுதலாக வீணாகும், ஆனால் கோணல் குறையும். இது பழைய அறிவு. நம் ஊர் மூத்த தச்சர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

2. ஒட்டுக்கழுத்து. மூன்று அல்லது ஐந்து கீற்றுகளை, ரேகைகள் எதிரெதிராக இருக்கும்படி ஒட்டுவது. ஒரு கீற்று ஒரு பக்கம் திருகப் பார்த்தால் அடுத்தது தடுக்கும்.

3. இருவழி ட்ரஸ் ரொட். கழுத்துக்குள் ஓடும் உருக்குத் தண்டுக்கு ட்ரஸ் ரொட் என்று பெயர். 1920களிலேயே கிப்சன் இதைக் கொண்டுவந்தது. பழைய வகை, முன்வளைவை மட்டுமே திருத்தும். புதிய வகை இரண்டு பக்கமும் தள்ளும். மாரிக்கும் கோடைக்கும் ஒவ்வொரு முறை கால் சுற்றுத் திருப்ப வேண்டிய நம் ஊரில் இது ஆடம்பரம் அல்ல.

4. கார்பன் தண்டுகள். ட்ரஸ் ரொட்டின் இரு பக்கமும் கார்பன் நார்த் தண்டுகளைப் பதிப்பது. ஒரே கனத்தில் கார்பன் நார்ப் பொருள் மேப்பிளைவிட ஏறத்தாழ பத்து மடங்கு விறைப்பானது. ஈரம் குடிக்காது. இதில் இன்னொரு பயனும் உண்டு. சில கிற்றார்களில் ஒரு குறிப்பிட்ட ஸ்வரம் மட்டும் சட்டென்று செத்துப்போகும். அந்த அதிர்வெண்ணில் கழுத்து தானும் ஆடத் தொடங்கித் தந்தியின் சக்தியை விழுங்கிவிடுவதே காரணம் என்பதை 1990களில் ஜேர்மனியில் ஹெல்முட் ஃப்ளைஷர் போன்றோர் அளந்து காட்டினார்கள். கழுத்து விறைத்தால் இந்த இடங்கள் நகரும் அல்லது குறையும்.

5. சுட்ட மேப்பிள். ஒட்சிசன் குறைந்த அடுப்பில் 160 பாகைக்கு மேல் மரத்தைச் சூடாக்குவது. ஈரத்தை இழுக்கும் அரைச்செலுலோசு சிதைந்துவிடுவதால் மரம் பிறகு காற்றிலிருந்து குறைவாகவே ஈரம் குடிக்கும். நிறம் தேன்கபிலமாக மாறுவதால் அழகுக்காகச் செய்தது என்று பலர் நினைக்கிறார்கள். சற்று நொறுங்கும் தன்மை வரும், ஆணி அடிக்கும்போது பிளக்கும். இருந்தாலும் கரையோரத்தில் இருப்பவருக்கு இந்தப் பட்டியலில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் சொல்வது இதைத்தான்.

ஃப்ரெட்டும் கணக்கும்

வீணையில் மெட்டுகளை மெழுகில் பதிப்பார்கள். சுருதி விலகினால் சூடாக்கி நகர்த்தலாம். கிற்றாரில் அப்படி முடியாது. பள்ளத்தில் அறைந்தால் அறைந்ததுதான். ஆகவே இடம் முன்கூட்டியே கணக்கில் சரியாக வர வேண்டும்.

கணக்கு எளிது. எட்டு ஸ்வர எல்லையை 12 சம பங்காகப் பிரித்தால், ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் மீதித் தந்தி நீளத்தை 17.817ஆல் வகுக்க வேண்டும். ஃபெண்டரின் 648 மி.மீ. நீளத்தில் முதல் ஃப்ரெட் 36.4 மி.மீ. தள்ளி, அடுத்தது அதிலிருந்து 34.3 மி.மீ. இப்படியே போய் 12ஆவது சரியாகப் பாதியில், 324 மி.மீ.இல் விழும். பழைய ஐரோப்பியக் கைவினைஞர்கள் 18ஆல் வகுத்தார்கள். அந்தக் கணக்கில் 12ஆவது ஃப்ரெட் பாதியிலிருந்து இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விலகிப் போகும். தந்தி நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள இந்தக் கணக்கு நம் மண்ணுக்கு அந்நியமும் அல்ல. அம்பாறை மாவட்டத்துக் காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள், 1947இல் வெளிவந்த யாழ் நூலில் பழந்தமிழ் யாழின் சுருதிகளை எண்களில் நிறுவ முயன்றார். அவர் கணிதமும் விஞ்ஞானமும் கற்பித்தவர்.

சரி, கணினி இருக்கும் காலத்தில் இடத்தைப் பிழையாக வெட்டுவது அரிது. அரை மில்லிமீட்டர் பிழைத்தாலும் 22ஆம் ஃப்ரெட்டில் வரும் விலகல் ஐந்து சென்ட் அளவு, அதாவது அரைச்சுரத்தின் இருபதில் ஒரு பங்கு. உண்மையான சிக்கல் உயரத்தில் இருக்கிறது. ஒரு ஃப்ரெட் பக்கத்திலிருப்பதைவிட 0.1 மி.மீ. உயர்ந்தாலே தந்தி அதில் உரசி இரையும். இருபத்திரண்டையோ இருபத்துநான்கையோ அந்த அளவுக்குள் சமப்படுத்துவது மணிக்கணக்கான அரவேலை. பெர்லினில் உருவான பிளெக் என்ற இயந்திரம், தந்திகள் இழுத்துக் கட்டப்பட்ட நிலையிலேயே கழுத்தை அளந்து, ஒவ்வொரு ஃப்ரெட்டையும் மில்லிமீட்டரின் நூறில் பங்குக் கணக்கில் சீவுகிறது. உயர்விலைக் கிற்றாரில் கொடுக்கும் காசில் கைக்கு உடனே தெரிவது இந்த வேலைதான். எந்த மரம் என்று கேட்பவர்கள் பலர். ஃப்ரெட் எப்படிச் சமப்படுத்தப்பட்டது என்று கேட்பவர் குறைவு.

அடுத்தது உலோகம். வழக்கமான ஃப்ரெட் கம்பி நிக்கல் சில்வர். பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும். உப்புக்காற்றில் பச்சை பிடிக்கும், தந்தி அடிக்கும் இடத்தில் குழி விழும். துருப்பிடிக்காத உருக்கு பல மடங்கு நாள் தாங்கும், தந்தியும் அதில் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் அரத்தையும் வெட்டுக்கருவியையும் அது தின்றுவிடும் என்பதால் வேலைக்கூலி ஏறும். கல்லடியிலோ கல்முனையிலோ கடலுக்கு அருகே இருப்பவர்கள் இந்தக் கூலியைக் கொடுக்கலாம்.

சாய்ந்த ஃப்ரெட்டுகளின் நியாயம் இதுதான். தடித்த தந்திக்கு நீளம் கூடினால் தளர்ச்சி குறைந்து ஒலி தெளியும். மெல்லிய தந்திக்கு நீளம் குறைந்தால் வளைத்து வாசிக்க இலகு. ஒரே கழுத்தில் இரண்டையும் பெற, ஒரு பக்கம் 648, மறுபக்கம் 686 மி.மீ. என்று வைத்தால் ஃப்ரெட்டுகள் சாயத்தான் வேண்டும். அமெரிக்கரான ரால்ஃப் நோவக் 1989இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அது காலாவதியான பிறகு பல நிறுவனங்களும் இதைச் செய்யத் தொடங்கின. ஏழு, எட்டுத் தந்திக் கிற்றார்களில் பயன் தெளிவாகத் தெரியும். ஆறு தந்தியில் தேவாலயப் பாடலுக்கு கோர்ட் பிடிப்பவருக்கு இதனால் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை.

தலை எங்கே போனது?

நெட் ஸ்டெயின்பெர்கர் என்ற வடிவமைப்பாளர் 1980ஐ ஒட்டி, தலையே இல்லாத, கார்பன் கலவையிலான பேஸ் கிற்றாரைக் கொண்டுவந்தார். முறுக்கும் கீகள் பிரிட்ஜ் பக்கம் போய்விட்டன. தலையின் பாரம் போனதால் கழுத்து கீழே சரியாது. கழுத்தின் மேல்முனையில் தந்திகள் பதிந்து செல்லும் நட்டில் தந்தி சிக்கிச் சுருதி துள்ளுவதும் இல்லை. ஸ்வீடனின் ஓலா ஸ்ட்ராண்ட்பெர்க் பிற்காலத்தில் இதே வழியில் போய், கழுத்தின் பின்புறத்தைக்கூட உருண்டையாக இல்லாமல் தட்டையான முகங்களோடு செதுக்கினார். லெஸ் போல் வகை ஒன்று நான்கு கிலோவைத் தாண்டும். தலையில்லாதவை இரண்டு முதல் இரண்டரைக் கிலோவில் வருகின்றன. திருவிழா மேடையில் விடிய விடிய நின்று வாசிக்கும் ஒருவரின் தோளைக் கேட்டால் இந்த வித்தியாசத்தின் மதிப்பு தெரியும்.

பிரிட்ஜிலும் நல்ல சிந்தனைகள் வந்திருக்கின்றன. 1970களின் கடைசியில் ஃப்ளொய்ட் ரோஸ் தந்தியை இரண்டு முனையிலும் பூட்டிவிட்டார். எவர்டியூன் என்ற பிரிட்ஜோ ஒவ்வொரு தந்தியையும் ஒரு வில்லுச்சுருள் நெம்போடு இணைக்கிறது. கழுத்து ஈரத்தில் சற்று நகர்ந்தாலும் நெம்பு விட்டுக்கொடுத்து இழுவிசையை மாறாமல் வைத்திருக்கும். மின்கலம் இல்லை, கணினி இல்லை. பாரமும் விலையும் கூடும் என்பதுதான் குறை.

இதற்கு எதிர்மாறான கதையும் ஒன்று உண்டு. மோட்டார் கொண்டு தானாகச் சுருதி சேர்க்கும் கருவியைக் கிப்சன் 2015ஆம் ஆண்டின் பெரும்பாலான மொடல்களில் கட்டாயமாகப் பொருத்தியது. வாங்குவோர் முகம் சுளித்தார்கள், அடுத்த ஆண்டே பின்வாங்க வேண்டியதாயிற்று. இலத்திரனியல் துண்டுகளை வேறொருவர் புதிதாக மாற்றித்தர முடியாத கிற்றார், இருபது ஆண்டு கழித்து என்ன ஆகும் என்ற பயம் நியாயமானது. நம் ஊரில் இன்னும் நியாயமானது.

பிக்கப், வயர், எர்த்

நமது மின்விநியோகம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஒற்றைச் சுருள் பிக்கப் சுற்றியுள்ள மின்கம்பிகளின் காந்தப்புலத்தையும் சேர்த்துப் பிடித்து ‘ம்ம்ம்’ என்று இரையும். 1950களின் நடுவில் கிப்சனின் சேத் லவர் கண்ட தீர்வு இரட்டைச் சுருள். இரண்டாவது சுருளில் காந்த முனையையும் சுற்றும் திசையையும் மாற்றினால், தந்தியின் சமிக்ஞை கூடும், இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும். இன்றைய உயர்விலைக் கருவிகள் இன்னொரு படி போகின்றன. அச்சிட்ட சுற்றுப்பலகைகளை அடுக்கிச் சுருளாக்குவது, குறைந்த சுற்றோடு உள்ளேயே சிறு பெருக்கி வைப்பது என்று.

உள்ளே பெருக்கி ஏன்? சாதாரண பிக்கப்போடு வயரும் சேர்ந்துதான் ஒலியைத் தீர்மானிக்கிறது. நல்ல வயருக்கு மீட்டருக்கு 100 பிக்கோபரட் மின்கொள்ளளவு என்று எடுத்தால், ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப்பின் உச்சப் பிரகாசம் 6 மீட்டர் வயரில் 4.2 கிலோஹேர்ட்ஸ் அளவில் இருக்கும். அதையே 12 மீட்டராக்கினால் 3 கிலோஹேர்ட்ஸுக்கு இறங்கிவிடும். உள்ளேயே பெருக்கி இருந்தால் வயரின் நீளம் ஒலியை இப்படி மாற்றாது. மேடையில் ‘சவுண்ட் மங்கிப்போச்சு’ என்று சொல்லிப் புதுப் பிக்கப் வாங்குகிறவர்கள் முதலில் வயரைக் குட்டையாக்கிப் பார்ப்பது நல்லது.

இதோடு ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். கிற்றாரின் தந்திகள் எர்த்தோடு இணைக்கப்பட்டவை. அம்பிளிஃபயரின் பிளக்கில் எர்த் முனை வேலை செய்யாவிட்டால், அல்லது இருமுனை அடாப்டரில் சொருகினால், தந்தியும் மைக்கும் வேறு வேறு மின்னழுத்தத்தில் நிற்கலாம். கை தந்தியில், உதடு மைக்கில் என்றால் மின்னதிர்ச்சி. ஜெனரேட்டரில் ஓடும் தற்காலிக மேடைகளில் இதைச் சோதிக்காமல் பன்னிரண்டு இலட்சத்துக் கிற்றாரைத் தூக்குவதில் அர்த்தமில்லை.

மரத்தைச் சுற்றிய கதைகளும் சட்டமும்

இசைக்கு இன்ன மரம்தான் என்ற பேச்சு பொக்ஸ் கிற்றாரில் பொருந்தும். மின்கிற்றாரின் உடல்மரம் சத்தமான மேடையில், டிரம்ஸுக்கு நடுவே, கேட்கக்கூடிய வித்தியாசம் தருமா? என் அபிப்பிராயத்தில் இல்லை. பாரம், வேலைக்கு இலகு, அழகு என்ற மூன்றுக்காக மரத்தைத் தேர்ந்தால் போதும்.

ஆனால் சட்டம் காதைக் கேட்டு வருவதில்லை. அழிந்துவரும் இனங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை, 2017 ஜனவரி 2 முதல் ரோஸ்வூட் எனப்படும் ஈட்டி மரம் உட்பட அந்தப் பேரினம் முழுவதையும் அனுமதிப்பத்திரப் பட்டியலில் சேர்த்தது. விரற்பலகைக்கு உலகமே பயன்படுத்திய மரம் அது. நிறுவனங்கள் திண்டாடின. ஃபெண்டர் தன் மெக்சிக்கோத் தயாரிப்புகளுக்குத் தென்னமெரிக்க பாவு ஃபெர்ரோ மரத்துக்கு மாறியது. சிலர் காகிதத்தைப் பிசினில் அழுத்திய பலகைக்குப் போனார்கள். இந்த விதியைத் தளர்த்திய மாநாடு 2019 மே மாதம் கொழும்பில் நடக்க இருந்தது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் இலக்கான ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பிறகு அது ஓகஸ்டில் ஜெனீவாவுக்கு மாறியது. அங்கே எடுத்த முடிவின்படி, அந்த ஆண்டு நவம்பர் 26 முதல், செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் உதிரிகளுக்கும் விலக்கு. பிரேசில் ரோஸ்வூட்டுக்கு மட்டும் 1992இலிருந்து உள்ள கடுமையான தடை தொடர்கிறது.

ஆகவே வெளிநாட்டிலிருந்து வருகிறவர் ஈட்டி மர விரற்பலகையுள்ள கிற்றாரைக் கையில் கொண்டுவரலாம். இந்தியாவிலிருந்து வெட்டாத ஈட்டிப் பலகையை வரவழைப்பது வேறு விடயம், அதற்குப் பத்திரம் வேண்டும். நம் காட்டின் கருங்காலியும் சட்டப்பாதுகாப்புப் பெற்றது. ‘ஒரு துண்டுதானே’ என்று யாராவது கொண்டுவந்து தந்தால் வாங்க வேண்டாம்.

இங்கே ஒருவர் செய்தால்

கதவிலும் கட்டில் தலைப்பலகையிலும் பூவேலை வெட்டும், கணினி வழிநடத்தும் சி.என்.சி. ரூட்டர்கள் இலங்கைத் தளபாடப் பட்டறைகளுக்கும் வந்துவிட்டன. மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு துல்லியம் கிற்றார் உடலுக்குத் தாராளம். பெரிய நிறுவனங்களும் இதே வகை இயந்திரத்தில்தான் வெட்டுகின்றன. ‘கையால் செய்தது’ என்ற முத்திரைக்கு மயங்க வேண்டாம். கை வேண்டிய இடம் ஃப்ரெட், நட், பூச்சு, கடைசிச் சரிபார்ப்பு.

உடலின் கனஅளவு ஏறத்தாழ 4 லீட்டர். இதை வைத்து மரத்தைத் தேரலாம்:

1. மலைவேம்பு: சுமார் 1.6 கிலோ. மென்மை, திருகாணி பிடிக்கும் இடத்தில் கடின மரத்துண்டு பதிக்க வேண்டும்.

2. மகோகனி: சுமார் 2.2 கிலோ. நட்டு வளர்த்த மரம் கிடைக்கிறது, வேலைக்கு இலகு. என் முதல் தேர்வு.

3. பலா: வீணைக்குப் பேர்போனது. வெட்ட அனுமதி தேவைப்படும் மரம், ஆகவே பத்திரத்தோடு வந்த பலகையா என்று கேட்க வேண்டும்.

4. முதிரை: சுமார் 3.8 கிலோ. உடலுக்கு வேண்டாம். விரற்பலகைக்கு அருமை, கடினமும் வழவழப்பும் உண்டு. தூள் தோலை அரிக்கும், முகமூடியும் நீளக்கைச் சட்டையும் அவசியம்.

மரத்தை எவ்வளவு உலர்த்துவது என்பதில் வெளிநாட்டுப் புத்தகத்தை அப்படியே பின்பற்றக் கூடாது. அங்கே சொல்லும் எட்டு சதவீதம் அவர்களுடைய காற்றுக்கு. இங்கேயே வாழப்போகும் கிற்றாருக்கு மாரிக்கும் கச்சானுக்கும் நடுவில், 11 அல்லது 12 சதவீதத்தில் நிறுத்துவது பொருத்தம். அதே கிற்றாரைக் கனடாவுக்குக் கொடுத்தனுப்பினால் அங்கத்தைய குளிர்கால வீட்டுச்சூட்டில் சுருங்கும் என்பதையும் சொல்லி அனுப்ப வேண்டும். பூச்சையும் மாரியில் தொடங்கக் கூடாது. ஈரக்காற்றில் லாக்கர் வெளுத்துப்போவது பொலிஷ் வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்த விடயம்தான்.

கழுத்தைப் பொறுத்தவரை, முதல் கருவிக்கு அதை வெளியில் வாங்கிக்கொண்டு உடலை மட்டும் இங்கே செய்வது புத்தி. சுட்ட மேப்பிள் கழுத்துகள், துருப்பிடிக்காத உருக்கு ஃப்ரெட் அறைந்தே, தனியாக விற்பனைக்கு உண்டு. அவற்றில் பெரும்பாலானவை ஃபெண்டரின் பழைய அளவைப் பின்பற்றுகின்றன. அடிப்பகுதியின் அகலம் 55.6 மி.மீ., நான்கு திருகாணிகள். உடலில் அந்தக் குழியைச் சரியாக, காகிதம் நுழையாத இறுக்கத்தில் வெட்டிவிட்டால், பிறகு முதிரை விரற்பலகையோடு இங்கேயே ஒரு கழுத்தைச் செய்து அதே உடலில் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் பழையதைத் திரும்பப் பூட்ட ஒரு ஸ்குரூ டிரைவர் போதும்.